டான்சைல் முறையில் பயோஜெனிக் அமின் சோதனை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

உணவு கெடும்போதும் புளிக்கும்போதும் உண்டாகும் ஹிஸ்டமின், டைரமின், பியூட்ரசின், கடாவரின் போன்ற பயோஜெனிக் அமின்களை எச்.பி.எல்.சி.யில் (கரைசலை அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே ஓட்டி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கும்போது எண் சரியாக வரவில்லையென்றால் முதலில் கை போவது கருவியின் மேல்தான். பம்பைத் திறப்பார்கள், விளக்கை மாற்றுவார்கள், புதிதாகப் பிரிப்புக் குழாய் (லேபில் 'காலம்' என்போமே, அது) வரவழைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கெல்லாம் முன்பே, டான்சைல் ஏற்றிய (டிடெக்டரின் கண்ணுக்குத் தெரியும்படி அமினோடு டான்சைல் குளோரைடைச் சேர்க்கும் வினை) சின்னக் குழாய்க்குள் நடந்து முடிந்திருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் வினைக்குழாயில் தொடங்கி, கருவிக்குக் கடைசியில் வருகிறோம்.

பரவலாகப் புழங்கும் செய்முறை ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 5 கிராம் மாதிரியை 0.4 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் இரண்டு முறை அரைத்து வடித்து 25 மி.லி. ஆக்குவது. இன்டர்னல் ஸ்டாண்டர்டான (வழியில் நேரும் இழப்பைத் திருத்த எல்லாவற்றிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) 1,7-டைஅமினோஹெப்டேனை அரைப்பதற்கு முன்பே சேர்ப்பது. அந்தச் சாற்றில் 1 மி.லி. எடுத்து, 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 200 மைக்ரோலிட்டர், நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் 300 மைக்ரோலிட்டர், அசிட்டோனில் கரைத்த டான்சைல் குளோரைடு (மி.லி.க்கு 10 மி.கி.) 2 மி.லி. சேர்த்து, 40 டிகிரியில் 45 நிமிடம் இருட்டில் வைப்பது. பிறகு 25 சதவீத அம்மோனியா 100 மைக்ரோலிட்டர், அரைமணி நேரம். அசிட்டோநைட்ரைலால் 5 மி.லி. ஆக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 0.1 மோலார் அம்மோனியம் அசிட்டேட் – அசிட்டோநைட்ரைல் கிரேடியன்ட்டில் (இரண்டின் விகிதத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே) நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டி, 254 நானோமீட்டரில் படிப்பது. சி-18 வகைப் பிரிப்புக் குழாயில் டிரிப்டமின், ஃபீனைல்எத்திலமின், பியூட்ரசின், கடாவரின், ஹிஸ்டமின், இன்டர்னல் ஸ்டாண்டர்ட், டைரமின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு மேடாக ('பீக்') வெளிவரும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலு குப்பிகள் கட்டாயம் வேண்டும்: அமிலம் மட்டும் வைத்து முழு வேலையும் செய்த பிளாங்க், புதிதாக டான்சைல் ஏற்றிய ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த அமின் கரைசல்), தெரிந்த அளவு அமின் சேர்த்த மாதிரி, அதாவது ஸ்பைக், சென்ற வாரம் டான்சைல் ஏற்றி மைனஸ் 20 டிகிரியில் இருட்டில் வைத்த பழைய ஸ்டாண்டர்ட். நாலாவதைப் பலர் வைப்பதில்லை. வேதிவினையில் கோளாறா, கருவியில் கோளாறா என்று ஒரே இன்ஜெக்‌ஷனில் சொல்லிவிடுவது அதுதான்.

அறிகுறி 1: எல்லாப் பீக்கும் சிறுத்துவிட்டது, இன்டர்னல் ஸ்டாண்டர்ட் உட்பட

பழைய ஸ்டாண்டர்ட் குப்பியை ஓட்டுங்கள்.

*பழைய குப்பி வழக்கம்போல வருகிறது என்றால்* கருவியைத் தொட வேண்டாம். வினை சரியாக நடக்கவில்லை.

முதல் சந்தேகம் அமில–காரக் கணக்கு. 0.4 மோலார் அமிலம் 1 மி.லி. என்பது 0.4 மில்லிமோல். 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 200 மைக்ரோலிட்டரும் அதே 0.4 மில்லிமோல். இரண்டும் சரிக்குச் சரி. மிச்சம் வைக்க இடமே இல்லை. புரதம் நன்றாகப் படியட்டும் என்று யாரோ அமிலத்தை 0.6 மோலாராகக் கூட்டி, ஹைட்ராக்சைடை 200-லேயே விட்டிருந்தால், மிஞ்சும் 0.2 மில்லிமோல் அமிலம் பைகார்பனேட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்போது 300 மைக்ரோலிட்டர் ஹைட்ராக்சைடு வேண்டும். 5 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் என்றால் அது ஏறக்குறைய 0.3 மோலார், 10 சதவீதம் என்றால் 0.6.

இதைப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம். பைகார்பனேட்டை விடும்போது குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஹைட்ராக்சைடு போதுமான அளவு சேர்ந்திருந்தால் திரவம் அமைதியாக இருக்கும். பிப்பெட் நுனியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பினால் அமிலம் மிச்சமிருக்கிறது. அந்தக் குழாயை அப்படியே தொடராதீர்கள். அசிட்டோன் சேர்ப்பதற்கு முன் ஒரு சொட்டைப் பி.எச். தாளில் வையுங்கள், 8-க்குக் கீழே காட்டினால் ஹைட்ராக்சைடைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகக் கூட்டுங்கள். 11-ஐத் தாண்டவும் விடக்கூடாது; அங்கே டான்சைல் குளோரைடு அமினோடு சேர்வதற்குள் நீரோடு சேர்ந்து வீணாகிவிடும்.

ஹைட்ராக்சைடு பாட்டில் நாள்பட்டதா என்றும் பாருங்கள். மூடி திறந்து திறந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலுவிழந்திருக்கும். பைகார்பனேட் பாட்டிலின் அடியில் கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது நிறைவுற்றதல்ல.

அடுத்து டான்சைல் குளோரைடு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். கரைசலை அன்றன்று, ஈரமில்லாத அசிட்டோனில், பழுப்புக் குப்பியில் போடுங்கள். நல்ல கரைசல் தெளிந்த மஞ்சள். நிறம் வெளுத்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது, சூடாக்கும் பிளாக். திரையில் 40 என்று காட்டுவதை நம்பாமல், தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயில் வெப்பமானியை விட்டு, நடு இடத்திலும் ஓரத்திலும் பாருங்கள். ஓரத்துக் குழி ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தால் அங்கே குழாய் வைக்காதீர்கள்.

*பழைய குப்பியும் சிறுத்துவிட்டது என்றால்* கருவி. விளக்கை மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். புற ஊதா டிடெக்டரில் விளக்கு தேய்ந்தால் அடிக்கோட்டில் இரைச்சல்தான் கூடும், பீக்கின் பரப்பு பாதியாகாது. (ஃபுளோரசன்ஸ் டிடெக்டர் வேறு கதை, அங்கே விளக்கு மங்கினால் பீக்கும் மங்கும்.) முதலில் அலைநீளம் 254 தானா என்று மெத்தட் ஃபைலில் பாருங்கள். பிறகு இன்ஜெக்டர்: தண்ணீர் நிரப்பிய குப்பியை எடைபோட்டு, 20 மைக்ரோலிட்டர் வீதம் பத்து இன்ஜெக்‌ஷன் கொடுத்து, மறுபடி எடைபோடுங்கள். 0.20 கிராம் குறைந்திருக்க வேண்டும். 0.15 தான் குறைந்தது என்றால் ஊசியில் காற்றுக்குமிழ், அடைப்பு, சிரிஞ்ச் அல்லது வால்வு சீல் தேய்மானம். குமிழை நீங்களே பர்ஜ் செய்து போக்கலாம். சீலும் ரோட்டரும் சர்வீஸ் எஞ்சினியர் வேலை.

அறிகுறி 2: ஹிஸ்டமின் மட்டும் குறைகிறது, மற்றவை சரி

டான்சைல் ஏறிய அமின்களில் ஹிஸ்டமின்தான் நோஞ்சான். அதன் இமிடசோல் வளையத்தில் ஏறிய டான்சைல் லேசில் கழன்றுவிடும். வெளிச்சம், நேரம், மிஞ்சிய அம்மோனியா எல்லாமே அதைக் கழற்றும்.

ஒரே ஸ்டாண்டர்ட் குப்பியை 0, 6, 12, 24 மணி நேரத்தில் ஓட்டி, ஹிஸ்டமின் பரப்பை இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். விகிதம் படிப்படியாக இறங்கினால் குப்பி நிற்கும்போது சிதைகிறது. பழுப்புக் குப்பி, 4 டிகிரி ஆட்டோசாம்ப்ளர், சின்னச் சின்னத் தொகுதி — இந்த மூன்றும் செலவில்லாத தீர்வு. நாற்பது குப்பிகளை ஒரே இரவில் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டாண்டர்டைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வையுங்கள். தொடக்கத்தில் மட்டும் வைத்தால் கடைசி மாதிரிகளின் ஹிஸ்டமின் எல்லாம் குறைவாகத்தான் அறிக்கையில் போகும். அது உண்பவருக்கு நேரும் கெடுதல் என்பதால் இதில் சலுகை காட்டக்கூடாது.

விகிதம் நகரவில்லை, தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால் வினை பாதியில் நிற்கிறது. பி.எச். கொஞ்சம் இறங்கினாலும் முதலில் அடிவாங்குவது ஹிஸ்டமின்தான். அறிகுறி 1-இல் சொன்ன குமிழ்ச் சோதனையைச் செய்யுங்கள். அம்மோனியா சேர்த்தபின் அரைமணி என்றால் அரைமணிதான். சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மணி நேரம் விடாதீர்கள்.

அறிகுறி 3: ஸ்டாண்டர்ட் அழகாக வருகிறது, மாதிரியில் மட்டும் மீட்பு (சேர்த்த அமினில் திரும்பக் கிடைக்கும் பங்கு) குறைவு

அதிகம் வருவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். காரணத்தைத் தேடுமுன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே மாதிரியில் இரண்டு ஸ்பைக் செய்யுங்கள்: ஒன்று அரைப்பதற்கு முன், இன்னொன்று வடித்து முடித்த சாற்றில். முன் ஸ்பைக் 70 சதவீதம், பின் ஸ்பைக் 95 என்றால் அமின் சாற்றுக்கு வந்து சேரவே இல்லை. இரண்டும் 70 என்றால் சாற்றிலிருக்கும் ஏதோ ஒன்று வினையைக் கெடுக்கிறது.

*இரண்டும் குறைவு: வினை கெடுகிறது*

2 மி.லி. கரைசலில் இருப்பது 20 மி.கி. டான்சைல் குளோரைடு, அதாவது சுமார் 74 மைக்ரோமோல். புளிக்கவைத்த சாஸ், நாள்பட முதிர்ந்த சீஸ் போன்றவற்றில் புரதம் உடைந்து அமினோ அமிலமாகக் கிடக்கும். அவற்றின் சாறு 1 மி.லி.யில் உள்ள அமினோ அமிலமே இந்த 74-ஐ விழுங்கிவிடலாம். அமினோ அமிலமும் டான்சைலோடு சேரும். அமினுக்கென்று அது மிச்சம் வைக்காது.

குழாயைக் கவனியுங்கள். வினை நடக்கும்போது மஞ்சள் நிறம் மெல்ல மெல்லத்தான் வெளுக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் குழாய் இன்னும் மஞ்சளாக இருக்க, பக்கத்தில் மாதிரிக் குழாய் பத்தே நிமிடத்தில் நிறமிழந்து நின்றால் டான்சைல் தீர்ந்துவிட்டது. உறுதிசெய்ய, சாற்றை நேராகவும், 5 மடங்கு, 10 மடங்கு நீர்த்தும் டான்சைல் ஏற்றுங்கள். நீர்ப்பதற்கு அதே 0.4 மோலார் அமிலத்தையே பயன்படுத்துங்கள். தண்ணீரில் நீர்த்தால் காரம் மிஞ்சி பி.எச். எகிறிவிடும், ஒரு கோளாறைத் தேடப்போய் இன்னொன்றை உண்டாக்கியதாகும். நீர்ப்பைப் பெருக்கிக் கணக்கிட்ட முடிவு நீர்க்க நீர்க்க உயர்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது. முடிவு எந்த நீர்ப்பில் உயர்வதை நிறுத்துகிறதோ அந்த நீர்ப்பே இனி அந்த வகை உணவுக்குச் செய்முறை. டான்சைலை இரட்டிப்பாக்குவது இரண்டாவது வழி. அதில் செலவு கூடும், முன்பக்கத்துப் பீக்கும் பெருக்கும்.

புளிப்பான மாதிரிகள் தங்கள் அமிலத்தையும் கொண்டுவரும். ஸ்டாண்டர்டில் குமிழ் இல்லை, மாதிரியில் மட்டும் குமிழ் வருகிறதென்றால் அதுதான். சாற்றை ஒருமுறை டைட்ரேட் செய்து ஹைட்ராக்சைடு அளவை அந்த வகைக்குத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அசிட்டோன் விட்டதும் வெள்ளையாக உப்பு படிவது சாதாரணம், பைகார்பனேட்தான் அது. பயப்படாமல் வார்ட்டெக்ஸ் செய்யுங்கள். உப்பு மிகுந்த மாதிரியில் திரவமே இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால்தான் சிக்கல். மேலடுக்கில் டான்சைலும் கீழடுக்கில் அமினும் தனித்தனியே நிற்கும். நீர்ப்பதே இதற்கும் மருந்து. அதோடு பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் குலுக்குங்கள்.

*முன் ஸ்பைக் மட்டும் குறைவு: வடிப்பதில் இழப்பு*

படிந்த புரதக் கட்டிக்குள் சாறு சிக்கியிருக்கும். ஒரே முறை வடித்து முடிப்பவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். அந்தக் கட்டியைப் பிட்டு, இன்னொரு 10 மி.லி. அமிலத்தில் மறுபடி அரையுங்கள். மூன்றாம் முறை வடித்த சாற்றைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்; அதில் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு போதும். கொழுப்பு மிதக்கும் மாதிரியை 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்து, அமிலச் சாற்றை ஹெக்சேனால் ஒருமுறை அலசுங்கள். அமின் அமிலத்திலேயே தங்கும், கொழுப்பு ஹெக்சேனோடு போகும். ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் மட்டும் குறைகின்றன என்றால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். அவை கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த ஸ்டாண்டர்டுகளில் இது இன்னும் மோசம். பாலிப்ரொப்பிலீன் குழாய்க்கு மாறுங்கள், ஸ்டாண்டர்டை அமிலத்திலேயே வையுங்கள்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். அது வெறும் டைஅமின். ஹிஸ்டமினின் இமிடசோல் சிக்கல் அதற்குக் கிடையாது. மாதிரியில் அதன் பரப்பு ஸ்டாண்டர்டில் இருப்பதில் பாதிக்குக் கீழே போனால், திருத்திய எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை அறிக்கையில் எழுதாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. செறிவு போதவில்லை என்று பெர்குளோரிக் அமிலச் சாற்றைச் சூடாக்கி வற்றவைக்க யாரும் முயல வேண்டாம். கரிமப் பொருளோடு சேர்ந்து வற்றும் பெர்குளோரிக் அமிலம் வெடிக்கக்கூடியது. செறிவாக்கியே ஆகவேண்டும் என்றால் டான்சைல் ஏற்றியபின் டொலுவீனில் பிரித்தெடுத்து, அந்த டொலுவீன் அடுக்கை மட்டும் நைட்ரஜனில் உலர்த்துங்கள்.

அறிகுறி 4: பிளாங்கில் பீக் வருகிறது

முன்பக்கத்தில் வரும் உயரமான பீக்குகள் டான்சைல் அமிலமும், அம்மோனியா சேர்த்ததால் உண்டான டான்சைலமைடும். அவை இருந்தே தீரும். டிரிப்டமினை மூடாத அளவுக்குத் தள்ளி நின்றால் போதும்; நெருங்கினால் கிரேடியன்ட்டின் தொடக்கத்தில் அசிட்டோநைட்ரைலைச் சற்றுக் குறையுங்கள்.

பிளாங்கில் ஹிஸ்டமினோ பியூட்ரசினோ வருகிறது என்றால், மிக உயர்ந்த ஸ்டாண்டர்டுக்குப் பின் வெறும் அசிட்டோநைட்ரைலை மூன்று முறை ஓட்டுங்கள். பீக் படிப்படியாகக் கரைந்தால் ஊசியில் மிச்சம் ஒட்டிவருகிறது. ஊசி கழுவும் திரவத்தில் அசிட்டோநைட்ரைலைக் கூட்டுங்கள், டான்சைல் ஏறிய அமின் தண்ணீருக்கு அசையாது. மூன்று முறையும் பீக் இல்லை, முழு வேலையும் செய்த பிளாங்கில் மட்டும் வருகிறது என்றால் அரைக்கும் ஹோமோஜெனைசரின் தண்டைக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பிளேடுக்குப் பின்னால் சென்ற மாதிரியின் நார் இருக்கும். அதை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓட்டிக் கழுவி, பிறகு தண்ணீரில் அலசுங்கள். அதிலும் போகவில்லையென்றால் ரியேஜென்டுகளை ஒவ்வொன்றாகப் புதுப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி 5: ஹிஸ்டமின் நேரத்தில் பீக் இருக்கிறது, ஆனால் அது ஹிஸ்டமின்தானா?

டயோட் அரே டிடெக்டரின் (பல அலைநீளங்களை ஒன்றாகப் பார்ப்பது) 'பீக் ப்யூரிட்டி' எண்ணை இங்கே நம்பக்கூடாது. நாம் பார்ப்பது டான்சைலின் நிறமாலையை. எந்த அமினில் ஏறியிருந்தாலும் அது ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு டான்சைல் சேர்மங்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்தாலும் மென்பொருள் 'தூய்மை' என்றே சொல்லும்.

எளிய வழி: டான்சைல் ஏற்றிய மாதிரியில், எதிர்பார்க்கும் அளவில் பாதி டான்சைல் ஹிஸ்டமினைச் சேர்த்து ஓட்டுங்கள். பீக் வடிவம் மாறாமல் உயர்ந்தால் நல்லது. தோள் முளைத்தால் அது வேறு பொருள். அடுத்த வழி, பிரிப்புக் குழாயின் வெப்பத்தை 5 டிகிரி மாற்றுவது அல்லது கிரேடியன்ட்டின் சரிவைக் குறைப்பது. அப்போது ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒன்றாக நகர வேண்டும். செலவான வழி, அயனிகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்: இரண்டு டான்சைல் ஏறிய ஹிஸ்டமினின் அயனி 578-இல் வரும், பியூட்ரசின் 555, கடாவரின் 569, டைரமின் 604. உடைந்து வரும் 170 எல்லா டான்சைலுக்கும் பொது என்பதால் அதை மட்டும் வைத்து அடையாளம் சொல்லக்கூடாது. தாய் அயனியும் நேரமும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

அறிகுறி 6: ஒரே மாதிரி, இரண்டு முறை, இரண்டு எண்

ஒரே குப்பியை ஐந்து முறை ஓட்டுங்கள். எண் ஆடினால் இன்ஜெக்டர்.

ஆடவில்லையா? ஒரே சாற்றிலிருந்து மூன்று குழாயில் டான்சைல் ஏற்றுங்கள். இங்கே ஆடினால் பெரும்பாலும் அசிட்டோன்தான் காரணம். அது பிப்பெட்டிலிருந்து தானாகச் சொட்டும். நுனியை அசிட்டோனில் இரண்டு மூன்று முறை நனைத்துவிட்டு அளந்தால் சொட்டாது. மூடி தளர்ந்த குழாயிலிருந்து சூட்டில் ஆவியாகவும் போகும். சூடாக்குமுன்னும் பின்னும் குழாயை எடைபோட்டால் எந்த மூடி ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

அதிலும் ஆடவில்லை, தனித்தனியாக எடைபோட்ட மாதிரிகளில்தான் ஆடுகிறது என்றால் ஆய்வகத்தில் தவறே இல்லாமலும் இருக்கலாம். மீனில் ஹிஸ்டமின் சீராகப் பரவியிருக்காது. செவுளுக்கும் குடலுக்கும் அருகே ஒரு எண், வால் பக்கம் வேறு எண். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதிமுறை ஒரு தொகுதிக்கு ஒன்பது மாதிரி கேட்பதற்கு இந்தப் பரவல்தான் பொருள் தருகிறது: சராசரி கிலோவுக்கு 100 மி.கி.யைத் தாண்டக்கூடாது, ஒன்பதில் இரண்டு மட்டும் 100-க்கும் 200-க்கும் இடையே இருக்கலாம், ஒன்றுகூட 200-ஐத் தாண்டக்கூடாது. அதனால் 5 கிராமை வெட்டி எடுக்காதீர்கள். குறைந்தது 200 கிராமை உறைந்த நிலையிலேயே அரைத்துக் கலந்து, அதிலிருந்து எடுங்கள். உருகிய மாதிரியை மேசைமேல் விட்டுவைத்தால் பாக்டீரியா இறந்திருந்தாலும் அதன் டிகார்பாக்சிலேஸ் நொதி வேலையைத் தொடரும். காலையில் எடைபோட்டதும் மாலையில் எடைபோட்டதும் ஒத்துப்போகாது. எடைபோட்ட கையோடு அமிலம் ஊற்றுங்கள்.

அறிகுறி 7: எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒப்பீட்டுச் சோதனையில் (ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் அளப்பது) மட்டும் எண் ஒன்றரை மடங்குக்கு மேல்

விகிதம் 1.66 அருகே வருகிறதா பாருங்கள். வந்தால் ஹிஸ்டமின் டைஹைட்ரோகுளோரைடை எடைபோட்டு, அதை ஹிஸ்டமின் என்றே கணக்கில் எழுதியிருக்கிறார்கள். உப்பின் மூலக்கூறு எடை 184.07, ஹிஸ்டமினுடையது 111.15. 100 மி.கி. உப்பில் ஹிஸ்டமின் 60.4 மி.கி. தான். ஒவ்வொரு அமினுக்கும் இந்த எண் வேறு: பியூட்ரசின் 1.83, கடாவரின் 1.71, டைரமின் 1.27, ஸ்பெர்மிடின் 1.75, ஸ்பெர்மின் 1.72. எல்லா அமினும் ஒரே அளவில் தவறினால் நீர்ப்புக் கணக்கில் பிழை. ஒவ்வொன்றும் தன் தன் எண்ணில் தவறினால் உப்புக் கணக்கில் பிழை. இந்த உப்புகள் ஈரம் இழுப்பவை என்பதால் உலர்கலத்தில் வைத்து, எடையைச் சட்டென்று போடுங்கள்.

அறிகுறி 8: வெளிவரும் நேரம் நகர்கிறது, அழுத்தம் ஏறுகிறது

நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் முன்னும் பின்னும் ஆடினால் கிரேடியன்ட்டுக்குப் பின் பிரிப்புக் குழாய் தொடக்க நிலைக்குத் திரும்ப நேரம் கொடுக்கவில்லை. 250-க்கு 4.6 மி.மீ. (நீளம், உள்விட்டம்) குழாய்க்குள் திரவம் சுமார் 2.5 மி.லி.; அதைப்போல் ஐந்து மடங்காவது, அதாவது 12–13 நிமிடம் தேவை. ஒரே பக்கமாக நகர்ந்தால் வெப்பம் அல்லது கசிவு. பம்பின் வெளியேற்றத்தை அளவு சிலிண்டரில் பத்து நிமிடம் பிடித்து அளங்கள்.

முதலில் வரும் டிரிப்டமினும் ஃபீனைல்எத்திலமினும் மட்டும் பிளந்தால் பிரிப்புக் குழாய் கெடவில்லை. இன்ஜெக்ட் செய்யும் திரவத்தில் அசிட்டோநைட்ரைலும் அசிட்டோனும் மிகை. 20-ஐ 10 மைக்ரோலிட்டராகக் குறைத்தால் சேர்ந்துவிடும்.

அழுத்தம் ஏறினால் கார்டு குழாயை (பிரிப்புக் குழாய்க்கு முன் காவலாக நிற்கும் சின்னக் குழாய்) கழற்றுங்கள். இறங்கினால் கார்டை மாற்றினால் போதும். இறங்காவிட்டால் பொட்டாசியம் உப்பு எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். பெர்குளோரேட்டும் பொட்டாசியமும் சந்தித்தால் கரையாத படிகம். காரத்துக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஓட்டும் திரவத்துக்குப் பொட்டாசியம் பாஸ்பேட் இரண்டுமே வேண்டாம். 0.1 மோலார் அம்மோனியம் அசிட்டேட்டோடு அசிட்டோநைட்ரைலை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், கலக்கும் வால்விலேயே உப்பு பிரியலாம். பிரிப்புக் குழாயைக் கழற்றியபின்னும் அழுத்தம் நின்றால் பம்பு, வால்வு. எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

வேறு முறைகளில் அடிக்கடி வரும் மூன்று

*ஓ.பி.ஏ. முறையில் (டான்சைலுக்குப் பதில் ஆர்த்தோ-தாலால்டிஹைடு சேர்ப்பது) எண் நிலைக்கவில்லை.* தயோல் என்னும் கந்தகச் சேர்மத்தோடு உண்டாகும் ஓ.பி.ஏ. சேர்மங்கள் நிமிடக் கணக்கில் சிதைபவை. கையால் கலந்து குப்பியில் வைக்காமல், ஆட்டோசாம்ப்ளரே கலந்து ஒவ்வொன்றையும் ஒரே நேர இடைவெளியில் செலுத்தட்டும். தயோல் இல்லாமல் செய்யும் ஏ.ஓ.ஏ.சி. 977.13 ஃபுளோரசன்ஸ் முறையில் ஓ.பி.ஏ. விட்ட நாலாவது நிமிடம் பாஸ்பாரிக் அமிலம் விட வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள். அதில் எல்லா மாதிரியும் அதிகமாகக் காட்டினால் அயனிமாற்றிக் குழாயிலிருந்து ஹிஸ்டிடின் தப்பி வருகிறது, ரெசினைப் புதுப்பியுங்கள்.

*டான்சைல் இல்லாமல் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ்.: சாற்றில் எண் குறைவு, நீர்த்தால் உயர்வு.* உப்பும் மற்றவையும் அயனியாக்கத்தை அமுக்குகின்றன. முதலில் 50 மடங்கு நீர்த்துப் பாருங்கள், கருவிக்கு அந்த உணர்திறன் உண்டு. பிறகு டியூட்டீரியம் சேர்ந்த ஹிஸ்டமின்-டி4 (116-இலிருந்து 99, சாதாரண ஹிஸ்டமின் 112-இலிருந்து 95). சோர்ஸ் கூம்பைத் துடைப்பது உங்கள் வேலை; அதற்குப் பிறகும் உணர்திறன் திரும்பாவிட்டால் உள்ளே கை வைக்காதீர்கள்.

*எலைசா கிட் (எதிர்ப்பொருளை வைத்து நிறத்தால் அளப்பது) ஒரு எண், எச்.பி.எல்.சி. வேறு எண்.* போட்டி வகைக் கிட்டில் நிறம் குறைந்தால் ஹிஸ்டமின் அதிகம். வளைவைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளில் ஹிஸ்டமினை அசைலேற்றும் படி ஒன்று இருக்கும். அமிலச் சாற்றைச் சரியாக நடுநிலையாக்காவிட்டால் அந்தப் படி நின்று எண் குறையும். வளைவின் உச்சிக்கு வெளியே விழுந்த எண்ணை நீட்டிக் கணக்கிடாமல், நீர்த்து மறுபடி செய்யுங்கள்.

வெளியே அனுப்ப வேண்டிய கட்டம்

பழைய ஸ்டாண்டர்ட் குப்பியும் தவறி, இன்ஜெக்டர் எடைச் சோதனையும் தவறினால் அன்றே சர்வீஸ் அழைப்பு. இரண்டும் தேறி, அறிகுறி 3-இன் இரண்டு ஸ்பைக்கும் மூன்று முறை திரும்பச் செய்தும் 80 சதவீதத்தைத் தொடவில்லையென்றால் அந்த வகை உணவுக்கு உங்கள் செய்முறை பொருந்தவில்லை. முறை வகுப்பவரோடு உட்கார்ந்து மாற்றி, மறுபடி வேலிடேட் செய்யாமல் அறிக்கை கொடுக்காதீர்கள். முடிவு சட்ட வரம்பின் அருகே நிற்கிறது, அதன்மேல் ஒரு தொகுதி உணவின் கதி தொங்குகிறது என்றால் அரைத்த மாதிரியில் 100 கிராமை முத்திரையிட்டு, உறைந்த நிலையிலேயே, ஐ.எஸ்.ஓ. 19343 முறைக்கு (மீனில் ஹிஸ்டமினை எச்.பி.எல்.சி.யில் அளக்கும் சர்வதேச முறை) ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கூடவே உங்கள் குரோமடோகிராமையும், மாதிரி எப்போது உருகியது, எப்போது அமிலம் விட்டீர்கள் என்ற நேரக் குறிப்பையும் வையுங்கள். அந்த நேரக் குறிப்பு இல்லாமல் இரண்டு ஆய்வக எண்கள் முரண்பட்டால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.